இன்னைக்கு நாலு

செங்கான் தோட்டத்தின் மேற்பிரிவில் பனி விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆகையால் அதனால் ஒருவருக்கும் பேர் கெடவில்லை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வார்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளை கூப்பிடும்போது குரல் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்துக் கூடையை நிறைத்தால் முழுப்பேர், நிறையாவிட்டால் அரைப்பேர், வராவிட்டால் பேரே இல்லை. பேர் குறைந்துகொண்டே போகிற குடும்பம் லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கிற ஒற்றைக் காம்பரா இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும். அதனால் வானத்திலிருந்து எது விழுந்தாலும் மேற்பிரிவு ஜனங்கள் அது என்ன என்று கேட்பதற்கு முன்னால் அதனால் பேர் போகுமா என்றுதான் கேட்பார்கள்.

அவர்களுக்குப் பனி தெரியாதது அல்ல. மார்கழியில் கம்பளியை நனைக்கிற பனி, எதிரில் வருகிற ஆளை மறைக்கிற பனி, தையில் புல்லின் நுனியைக் கருக்குகிற பனி, எல்லாம் தெரியும். இது வேறு. இது உதிர்ந்தது, தங்கியது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியது. அதுவும் தோட்டம் முழுக்க அல்ல, ஏழாம் நம்பர் மலை என்று எல்லோரும் சொல்கிற, லயங்களுக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கிற அந்த ஒரே மலையில் மட்டும், உச்சிப் பாறையிலிருந்து கடைசி லயத்துக்கு மேலே ஓடுகிற கான் என்கிற வடிகால் வரைக்கும். கானுக்கு இந்தப் பக்கம் வெயிலில் மிளகாய் காய்ந்தது, கோழி கிளறியது, அந்தப் பக்கம் கால் வைத்தால் முழங்கால் புதைந்தது, சித்திரை வெயில் அடித்தபோதும் அது ஒரு சொட்டுக்கூட உருகவில்லை.

முதலில் பிள்ளைகள் அதைச் சீனி போட்டுத் தின்று இருமினார்கள். கடைக்கார ராயப்பு சோடாப் போத்தல்களை அதற்குள் நட்டு வைத்துக் குளிரக் குளிர விற்றார். இது அம்மன் தந்ததா, அம்மனுக்கு ஆகாததா என்று கோயில் கமிட்டியில் சண்டை வந்து, எதுவாக இருந்தாலும் ஒரு தேங்காய் உடைப்பதால் நஷ்டமில்லை என்று முடிவாகி, ஓரத்துச் செடியில் மஞ்சள் துணி கட்டி உடைத்தார்கள். டவுனிலிருந்து வேன்களில் ஆட்கள் வந்து படம் பிடித்து, பிஸ்கட் தாளைப் போட்டுவிட்டுப் போய், பிறகு வேறு எங்கோ வேறு எதையோ படம் பிடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் தோட்டத்தை நடத்துகிற தொரை ஜீப்பில் வந்து இறங்கி, இடுப்பில் கைவைத்துப் பார்த்து, பனிக்கடியில் செடி இருக்கிறது, செடியில் கொழுந்து இருக்கிறது, பிறகென்ன, பறிக்க வேண்டியதுதானே என்றார். பறித்தார்கள். மண்வெட்டியால் வழி வெட்டிக் குனிந்து உள்ளே போய், நிரை நிரையாகக் குடைந்து, விறைத்த விரலால் பறித்து வந்தார்கள். அந்தத் தேயிலைக்கு வெளிநாட்டில் கிராக்கி என்று சொல்லிக்கொண்டார்கள். அதோடு பனியைப் பார்த்து ஆச்சரியப்படுவது மேற்பிரிவில் நின்றுபோனது, வேலையாகிவிட்ட ஒன்றைப் பார்த்து யார்தான் வாய் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

பவளக்கொடியும் அப்படித்தான் குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய் வெகுநாளாகிறது. ஒரே மகள் தவமலர், அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. மருமகன் அருள்நேசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தாயும் மகளும் இருந்தது கடைசி லயத்தின் நடுக் காம்பராவில், முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று அண்ணாந்தால் ஏழாம் நம்பர் மலை முழுசாக முகத்துக்கு நேரே தெரியும் இடத்தில்.

அந்த மலையைப் பார்க்க நகுலேசன் என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக்காலத்தில் சுவிஸுக்குப் போய், அங்கே பனிமலைகளில் எது எப்போது சரியும் என்று பார்த்துச் சொல்வதையே உத்தியோகமாக வைத்திருந்த மனிதர். சிவப்பு மண்வெட்டி ஒன்றோடு ஏறி, ஆள் மறைகிற ஆழத்துக்குக் குழி தோண்டி, குழியின் சுவரைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்கோ. மேல கிடக்கிறது பலகை மாதிரி இறுகிப் போச்சு. ஆனா கீழ, அடியில, ஒண்டோட ஒண்டு ஒட்டாம கிடக்கு. கைய வைச்சுப் பாருங்கோ, சீனி. சீனிக்கு மேல பலகைய வைச்சுச் சரிவில விட்டா என்ன நடக்கும்?"

"சறுக்கும்" என்றாள் ஒருத்தி.

"ஓம். எப்ப எண்டு எனக்குத் தெரியாது. ஆனா வரும்."

எல்லோரும் நம்பினார்கள். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு பேப்பரில் எழுதியவர்கள் விவரம் தெரியாத ஜனங்கள் என்று எழுதினார்கள். மண்சரிவில் லயத்தோடு போனவர்களின் சொந்தக்காரர்கள் அவர்கள். மலை நகரும் என்று அவர்களுக்கு யாரும் படித்துப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. பவளக்கொடி மட்டும் ஒன்று கேட்டாள்.

"வந்தா எங்க வந்து நிக்கும்ங்க ஐயா?"

அவர் சிவப்பு மண்வெட்டியை நீட்டிக் கடைசி லயத்தைக் காட்டினார், பிறகு அதைத் தாண்டிக் கோயில் மதில் வரைக்கும் மெல்ல இழுத்துக் காட்டி நிறுத்தினார். இன்னொன்றும் சொன்னார், இந்தச் செடிகளின் கொப்புகள்தான் பனியைப் பிடித்து வைத்திருக்கின்றன, இவற்றை வெட்டிப்போடாதேங்கோ என்று.

தொரையிடம் போய், லயத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் நகுலேசன் சொல்லிப் பார்த்தார். மாற்ற இடமில்லை என்று பதில் வந்தது. ஊரெல்லாம் மலையாக இருக்கிற தோட்டத்தில் ஒரு லயம் கட்ட இடமில்லை. சரி, ஒவ்வொரு நாளும் அபாயம் எவ்வளவு என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுத்துக் கொடுத்தார். ஒன்று சொற்பம், இரண்டு நடுத்தரம், மூன்று கணிசம், நான்கு அதிகம், ஐந்து உச்சம். மற்ற மலைகளுக்கும் ஏழின் அடிவழியாகத்தான் போக வேண்டும் என்பதால், ஐந்து என்றால் எந்த மலையிலும் ஒரு கால் படக்கூடாது, கடைசி லயத்தார் எல்லோரும் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போய்விட வேண்டும். கேள்வி கேட்ட குற்றத்துக்காகப் பவளக்கொடி கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். பனியை ஒரு தூணாக வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, முதலில் மணிக்கட்டிலிருந்து தட்ட வேண்டும், பிறகு முழங்கையிலிருந்து, பிறகு தோளிலிருந்து. எந்தத் தட்டில் தூண் வழுக்குகிறது என்பதை வைத்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

"ஒன்னு எப்பங்க ஐயா வரும்?" என்று அவள் கேட்டாள்.

"எல்லாம் இறுகிப் படிஞ்சா வரும் அக்கா" என்று சொல்லிவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்து, "இல்லாட்டி, எல்லாம் வந்து முடிஞ்சா" என்றார். அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டார்.

இப்படியாகப் பெரட்டுக் களத்தில் ஒரு கரும்பலகை வந்தது. பவளக்கொடி இருட்டுப் பிரியும்போதே ஏறித் தட்டிவிட்டு வந்து எண்ணைச் சொல்வாள், கணக்கப்பிள்ளை சௌந்தரநாயகம் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார், பிறகு பேர் கூப்பிடுவார். ஜனங்கள் அந்த எண்ணையும் தங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பட்டவர்கள் சுகமா என்று கேட்பதை விட்டு எத்தனை என்று கேட்டார்கள். மூன்றுக்கு மேல் போகாத கிழமையாகப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் வைத்தார்கள். மாமியார் முகம் இன்றைக்கு நாலு என்று மருமகள்கள் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்தபடி சொல்லிச் சிரித்தார்கள், குடித்துவிட்டு வருகிற புருஷனுக்கு அஞ்சு என்றே பட்டப்பெயர் வைத்தாள் ஒருத்தி. நாலு என்று எழுதியிருக்கிற காலையில் மலையேறப் பயந்தவர்கள், நாலு என்று எழுதியிருக்கிற மத்தியானத்தில் அதே மலையில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுப் பழகினார்கள்.

தவமலர் மட்டும் பழகவில்லை. "அம்மா, ஒன்னுன்னு என்னைக்குச் சொல்லப் போற?" என்று தினமும் கேட்பாள். "சொல்ற அன்னைக்கு நானும் புள்ளையும் மேல வருவோம். புள்ள கைய அந்தப் பனியில வச்சு எடுக்கணும், அவுக அப்பாவுக்குப் படம் புடிச்சு அனுப்பணும்." வருவோம், வருவோம் என்பாள் பவளக்கொடி, அருள்நேசன் கொழும்பில் ஒரு அறை பார்த்து இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டால் போதும் என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டு. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் தடவை ஐந்து வந்தபோது கடைசி லயம் முழுக்கப் பாயும் பானையுமாக ஸ்டோருக்குப் போனது. ஒன்றும் விழவில்லை. இரண்டு நாள் தோட்டத்தில் ஒருவருக்கும் பேரில்லை. இரண்டாம் தடவை ஐந்து வந்தபோது தவமலருக்குப் பிள்ளை பிறந்து பச்சை உடம்பு. ஸ்டோரின் மேல்தட்டு கொழுந்து வாட்டுகிற இடம், பெரிய பெரிய காற்றாடிகள் ஓயாமல் சுற்றும். மனிதர் படுத்திருக்கிறார்கள் என்பதற்காகக் காற்றாடியை நிறுத்தினால் கொழுந்து கெட்டுவிடும் என்று நிறுத்தவில்லை. அந்தத் தடவையும் மலை அசையவில்லை. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் கர் கர் என்று சத்தம் வந்தது. மருந்து கொடுத்த ஐயா, இன்னொரு தரம் காற்றுப் பட்டால் என்னிடம் கொண்டுவர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் என்று கோபமாகச் சொன்னார்.

அந்த வருஷம் ஏழாம் நம்பருக்குக் கவ்வாத்து முறை. தேயிலைச் செடியை முறை வந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், வெட்டாவிட்டால் அது மரமாகிப் போகும். செடிதான் பனியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நகுலேசன் சொன்னதைப் பவளக்கொடி கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள், அவர் தொரையிடம் சொன்னார், முறை வந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார் தொரை. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கவ்வாத்துக்காரர்களே வெட்டத்தான் துடித்தார்கள். மத்தியானத்துக்குள் முழுப்பேர் கிடைக்கிற வேலை அது; போதாததற்கு, முறை தவறிய மலை என்று பக்கத்துத் தோட்டத்தான் சிரிப்பதை அவர்களால் தாங்க முடியாது. பனிக்குள் ஊர்ந்து போய், ஒவ்வொரு கொப்பையும் தண்ணீர் தங்காதபடி சாய்வாக, ஒரே வீச்சில், பிசிறில்லாமல் வெட்டினார்கள். அவ்வளவு சுத்தமான கவ்வாத்தை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை என்று பெரிய கங்காணி வடிவேற்கரசன் சொல்லிப் பூரித்தார்.

அடியிலிருந்து வெட்டிக்கொண்டே ஏறி, உச்சிப் பாறைக்குச் சற்றுக் கீழே வரை முடிந்த பிறகு ஒரு காலை பவளக்கொடி ஏறினாள். குழி தோண்டினாள். தூணை வெட்டி நிறுத்தினாள். மண்வெட்டித் தகட்டை அதன் தலையில் வைத்தாள், இன்னும் தட்டவில்லை, தட்டக் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான், தூண் தானாகவே வழுக்கி அவள் மடியில் வந்து விழுந்தது. அடியிலிருந்து சீனி பொலபொலவென்று கொட்டியது. அவளுக்கு ஐந்துக்கு மேலே ஒரு எண் இருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இறங்கி வரும்போது காம்பராவின் இஸ்தோப்பில் தவமலர் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துபோயிற்று.

"எத்தனைம்மா?"

பவளக்கொடி பிள்ளையின் பக்கம் கையை நீட்டினாள்.

"அஞ்சுன்னு சொல்லிறாதம்மா. ராத்திரிதான் கொஞ்சம் மூச்சு சீராகி, இப்பதான் பால் குடிக்கிறான். அந்தக் காத்தாடிக்குக் கீழ திருப்பிக் கொண்டு போனா இவன் செத்துருவான்."

"வேற எங்கயாச்சும்..."

"எங்க? எங்கம்மா இருக்கு வேற எடம்? ரெண்டு தரம் அஞ்சு வந்துச்சு, ஒன்னும் விழலியே. நாளன்னைக்கு இவுக அப்பா வர்றாருல்ல, அறை பாத்தாச்சுன்னு சொல்லிட்டாருல்ல. ரெண்டு நாளும்மா. ரெண்டே நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

பவளக்கொடி பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். கர் கர் என்ற சத்தம் அடங்கியிருந்தது. குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டாள். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவள் களத்துக்கு நடந்தாள், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பெரட்டுக் களத்தில் எல்லோரும் நின்றார்கள். மாசக் கடைசி. அவள் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "அக்கா, பாத்துச் சொல்லுங்கக்கா, எங்க காம்பராவுக்கு இந்த மாசம் பேரு ரொம்பக் கொறவுக்கா" என்றாள். பின்னாலிருந்து இன்னொரு குரல், "நாலுன்னு சொல்லுங்க மதினி, நாலுல நாம போகாததா?" என்றது. கவ்வாத்துக்காரர்கள் கத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

"என்ன பவளம், எத்தனை?" என்றார் கணக்கப்பிள்ளை.

"நாலுங்க ஐயா."

அவர் உடனே எழுதவில்லை. அவளுடைய சேலையில் மடி முழுக்கப் பனித்தூள் அப்பியிருந்ததைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒரு மகள் இருந்தாள், தலைக்கு மேலே ஒரு தொரை இருந்தார்.

"நாலுதானே?"

"ஆமாங்க ஐயா. இன்னைக்கு நாலு."

எழுதினார். களம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. கொழுந்து பறிக்கிறவர்களை மூன்றாம் நம்பருக்கு அனுப்பினார்கள், கவ்வாத்துக்காரர்கள் ஏழுக்கு ஏறினார்கள், பவளக்கொடி கூடையை மாட்டிக்கொண்டு எல்லோரோடும் நடந்தாள்.

கவ்வாத்துக்காரர்கள் உச்சிப் பாறையை ஒட்டி, முந்தின நாள் விட்ட இடத்தில் வேலையைத் தொடங்கினார்கள். வெயில் ஏறி முதல் தேத்தண்ணிக்கு உட்காரப் போகிற நேரம், காலுக்குச் சற்றுக் கீழே பனியில் ஒரு கோடு ஓடுவதைக் கண்டார்கள். மலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்கே ஓடி முடிந்தது அந்தக் கோடு. பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த மலை முழுவதும், அவர்கள் சுத்தமாக வெட்டி வைத்த செடிகளின் மேலாக, தடுக்க ஒரு கொப்பும் இல்லாமல், மெதுவாகத் தொடங்கி வேகமாகப் போனது. சத்தம் போட்டுக் கத்தினார்கள், கத்தியது அவர்களுக்கே கேட்கவில்லை. கானைத் தாண்டியது, பீலிக்கரையைத் தாண்டியது, கடைசி லயத்தின் மேலே ஏறிப் படுத்து, கோயில் மதிலுக்கு முன்னால் வந்து நின்றது. நகுலேசன் மண்வெட்டியால் காட்டி நிறுத்திய அதே இடம்.

மூன்றாம் நம்பரிலிருந்து பெண்கள் கூடைகளை வீசிவிட்டு ஓடி வந்தார்கள். சிவப்பு மண்வெட்டியால், களை வெட்டுகிற முள்ளால், கவ்வாத்துக் கத்தியால், தகரத்தால், கையால் தோண்டினார்கள். கொஞ்சம் முன்னால் வரை தூளாக இருந்தது இப்போது சிமெண்டாக இறுகிக் கிடந்தது. பவளக்கொடி தன் காம்பரா இருக்கும் இடத்தை மலையின் வளைவை வைத்துக் கண்டுபிடித்துத் தோண்டினாள். கூரைத் தகரம் வந்தது, பிறகு சாமிப்படம், பிறகு அடுப்படி. அடுப்பு மூலையில் தவமலர் சுவரைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள், முதுகால் மலையைத் தடுக்கப் பார்த்தவளாக. பிள்ளை அவளுடைய மார்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. காற்றே படவில்லை. பவளக்கொடி முழந்தாளிட்டுப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒருவருக்கும் அவளைத் தூக்க மனம் வரவில்லை.

லயத்தில் அந்த நேரம் வீட்டிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. வயசானவர்கள், சுகமில்லாதவர்கள், பிள்ளைக்காரிகள். அருள்நேசன் சொன்னபடி நாளன்றைக்கு வந்தான், அறையின் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. தோண்டின எல்லோருக்கும் அன்றைக்கு முழுப்பேர் போடச் சொல்லித் தொரை உத்தரவிட்டார். பவளக்கொடியை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது மண்ணை வாரித் தூற்றினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அந்தத் தயவைக்கூட யாரும் செய்யவில்லை, கேட்டது அவர்களும்தானே. பிணங்களை எட்டாம் நம்பர் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து, மிச்சமிருந்த லயங்களில் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வழக்கம்போலப் பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு மேளம் கேட்டது. பவளக்கொடி எழுந்து, யாரும் சொல்லாமலே, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். பிள்ளையின் குல்லாய் இடுப்பில் செருகியிருந்தது. ஏழாம் நம்பர் மலையில் தோண்ட எதுவுமில்லை. ஈரமான செம்மண்ணும், சாய்வாகச் சீவிய கொப்புகளும் மேலே வரைக்கும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு பாறை இடுக்கில் கையளவு பனி ஒட்டிக்கொண்டிருந்தது. குல்லாயை எடுத்து அந்தப் பனியின் மேல் ஒருதரம் வைத்து எடுத்தாள். பிறகு இறங்கிக் களத்துக்கு வந்தாள்.

கணக்கப்பிள்ளை பலகையில் இருந்த நாலை இன்னும் அழிக்கவில்லை. அவளைக் கண்டதும் கைக்குட்டையால் துடைத்தார்.

"எத்தனை பவளம்?"

"ஒன்னுங்க ஐயா."

அந்தப் பலகையில் ஒருநாளும் விழாத எண் அது. வரிசையில் யாரோ ஒருத்தி பழக்க தோஷத்தில் அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு, சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கப்பிள்ளை எழுதி முடித்துவிட்டுப் பேர் கூப்பிடத் தொடங்கினார். கூப்பிட்டவர்கள் குரல் கொடுத்தார்கள், பவளக்கொடியும் கொடுத்தாள், கூடையை மாட்டிக்கொண்டாள். களம் கலைந்து எல்லோரும் நடக்கும்போது ஏழாம் நம்பர் உச்சியில் மறுபடியும் வெள்ளையாக உதிரத் தொடங்கியிருந்தது. யாரும் நின்று பார்க்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் முழுப்பேர்.